தில்லி சர்வகலாசாலையின் நூற்செல்வம்

1857-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் தேதி, மீரட்டிலிருந்து இரவோடிரவாகப் புறப்பட்டு வந்த சிப்பாய்கள் யமுனையின் படகுப்பாலத்தைக் கடந்து தில்லிக்குள் புகுந்தபோது, காஷ்மீர் வாயிலுக்கு அருகில், தாரா ஷிக்கோ இளவரசர் தம் நூல்களுக்கென்று எழுப்பிய மாளிகையில் நடைபெற்றுவந்த தில்லி கல்லூரியும் அக்கலகத்துக்கு இரையாயிற்று. கல்லூரி முதல்வர் டெய்லர் கொல்லப்பட்டார், நூல்நிலையம் சூறையாடப்பட்டது. ஆங்கிலப் புத்தகங்களைக் கிழித்துத் தாள்களைத் தோட்டமெங்கும் இறைத்தார்கள் என்றும், அரபி, பாரசீகக் கையெழுத்துப் பிரதிகள் பழம்பொருள் வியாபாரிகளின் கைக்குப் போயின என்றும், அக்கல்லூரியின் சரித்திரத்தைப் பிற்காலத்தில் உருது மொழியில் எழுதிய மௌல்வி அப்துல் ஹக் கூறுகிறார்.

அவ்வாண்டு செப்டம்பரில் நகரத்தைத் திரும்பப் பிடித்த ஆங்கிலப் படை, தன் பங்குக்குச் செங்கோட்டையைக் கொள்ளையிட்டது. முகலாய அரசர்கள் பல தலைமுறைகளாகச் சேர்த்திருந்த நூல்களில், சிதறியவை போக எஞ்சியவற்றை அரசாங்கம் 1859-இல் ஏலத்தில் வாங்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பிற்று. அங்கிருந்து அவை 1876-இல் லண்டனிலிருந்த இந்தியா ஆபீஸ் நூல்நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தன. இன்றும் பிரிட்டிஷ் நூல்நிலையத்தில் அத்தொகுதிக்குத் தில்லியின் பெயரே வழங்குகிறது. அங்கே அவை நன்றாகப் பேணப்படுகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் தில்லியில் பிறந்து தில்லியின் சரித்திரத்தைப் படிக்க விரும்பும் மாணவன் தன் நகரத்து நூலைக் காணக் கடல் கடக்க வேண்டியதாயிற்று.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளையும் முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. தில்லி மாநகரம் புத்தகங்களைச் சேர்ப்பதில் எக்காலத்திலும் பின்தங்கியதில்லை. சேர்த்தவற்றை அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்கும் நிலையான ஏற்பாடுதான் அதற்கு வாய்க்கவில்லை. ஓர் அரசரின் ஆசையாலோ ஒரு பிரபுவின் தயவாலோ உண்டான தொகுதி, அந்த அரசரோடும் அந்தப் பிரபுவோடும் மறைந்துபோயிற்று. ஆண்டுதோறும் தவறாமல் வரும் பணமும், தொழில் பயின்ற ஊழியர்களும், ஆள் மாறினாலும் மாறாத முறையும் சேர்ந்தால்தான் ஒரு நூற்தொகுதி தன்னைச் சேர்த்தவர்களைக் காட்டிலும் நெடுங்காலம் வாழும். இந்த உண்மை தில்லியில் நடைமுறைக்கு வந்த காலம் மிகச் சமீபத்தியது. அதைக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் சீர்காழியில் பிறந்த ஒரு தமிழர்.

கலகத்துக்குப் பின் 1864-இல் மறுபடியும் திறக்கப்பட்ட தில்லி கல்லூரியின் உயர்வகுப்புகள் 1877-இல் எடுக்கப்பட்டு லாகூருக்குப் போய்விட்டன. ஸெயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரி 1881-இலும், இந்து கல்லூரி 1899-இலும், ராம்ஜாஸ் கல்லூரி 1917-இலும் தோன்றின. பரீட்சைக்கும் பட்டத்துக்கும் அவை லாகூரையே எதிர்பார்த்திருந்தன. கல்கத்தாவிலிருந்து தலைநகரம் மாறிவந்து பத்தாண்டுகள் ஆன பிறகே, 1922-இல், மத்திய சட்டசபை இயற்றிய சட்டத்தின்படி தில்லி சர்வகலாசாலை ஏற்பட்டது. மூன்று கல்லூரிகள், கலை, விஞ்ஞானம் என இரண்டு பிரிவுகள், ஏறத்தாழ 750 மாணவர்கள்: இவ்வளவுதான் அதன் ஆரம்பம். ஹரி சிங் கௌர் முதல் துணைவேந்தராக அமர்ந்தார்; தம் சொந்தச் செல்வத்தைக் கொடுத்துப் பிற்காலத்தில் சாகர் நகரில் ஒரு சர்வகலாசாலையையே உண்டாக்கிய வள்ளல் அவர்.

நூல்நிலையம் அதே ஆண்டில், அன்பளிப்பாக வந்த 1,380 புத்தகங்களோடு தொடங்கிற்று. அன்பளிப்பாக வரும் நூல்கள் பெரும்பாலும் கொடுப்பவருடைய அலமாரியின் வரலாற்றைச் சொல்லுமேயன்றிப் படிப்பவருடைய தேவையைச் சொல்லமாட்டா. அவற்றைக் கொண்டு வாசலைத் திறக்கலாம். உள்ளே ஆராய்ச்சி நடத்த முடியாது. சர்வகலாசாலைக்குச் சொந்த இடமும் இல்லை. அலுவலகமும் நூல்நிலையமும் இடம் மாறிக்கொண்டே இருந்து, 1933 அக்டோபரில்தான், புதுதில்லியின் புது மாளிகை எழும்வரை ராஜப்பிரதிநிதிகள் வசித்த பழைய மாளிகைக்கு வந்து சேர்ந்தன. துணைவேந்தரின் அலுவலகம் இன்றும் அங்கேதான் இருக்கிறது.

அந்த நிலையை மாற்றத் தொடங்கியவர் ஸர் மாரிஸ் குவையர். ஃபெடரல் கோர்ட்டின் தலைமை நீதிபதியாக 1937-இல் இந்தியாவுக்கு வந்த அவர், 1938 முதல் 1950 வரை பன்னிரண்டு ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தார். மூன்றாண்டுப் பட்டப்படிப்பை நாட்டிலேயே முதலில் துணிந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவர். பெண்களுக்கென்று மிராண்டா ஹவுஸ் கல்லூரியை 1948-இல் நிறுவியவரும் அவரே. நீதிபதியாக வாழ்ந்தவருக்கு நூல்நிலையம் இல்லாத கல்விச்சாலை எவ்வளவு வெறுமையானது என்று பிறர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பதவிக்கு வருகிற பேராசிரியர் ஒருவரிடம் புத்தக அறையின் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிடும் பழைய வழக்கத்தைக் கைவிட்டு, நூல்நிலையத் தொழிலை முறையாகப் பயின்ற எஸ். தாஸ் குப்தாவை 1940-களின் முற்பகுதியில் நூலகராக நியமித்தார்கள். தாஸ் குப்தா சென்னையில் பாடம் கேட்டவர். அவருக்குப் பாடம் சொன்னவரையே தில்லிக்கு வரவழைக்க வேண்டும் என்று குவையர் அதன்பின் முயன்றார்.

அந்த ஆசிரியர் சீர்காழி ராமாமிருத ரங்கநாதன். 1892-இல் தஞ்சை ஜில்லாவில் பிறந்து, கணிதம் பயின்று, மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வந்த சில நாட்களிலேயே, ஆளரவமற்ற அந்த அறையில் வேலையின்றி உட்கார்ந்திருக்க மாட்டாமல் கல்லூரிக்கே திரும்பிவிட விரும்பினார் என்பதும், லண்டனுக்குப் போய் அங்குள்ள நூல்நிலையங்களைப் பார்த்துவிட்டு வந்து முடிவு செய்யலாம் என்ற ஏற்பாட்டுக்கு இணங்கிக் கப்பலேறினார் என்பதும் பலரும் அறிந்த செய்தி. போனவர் அங்கே பெர்விக் ஸேயர்ஸ் என்ற ஆசிரியரிடம் பயின்று, பல நூல்நிலையங்களைச் சுற்றிப் பார்த்து, அடுத்த ஆண்டு திரும்பும்போது வேறு மனிதராகத் திரும்பினார். சென்னை நூல்நிலையச் சங்கம் 1928-இல் தோன்றிற்று. நூல்நிலையத்தின் ஐந்து விதிகளைப் பற்றிய அவருடைய நூல் 1931-இலும், நூல்களைப் பொருள்வாரியாக வகைப்படுத்த அவர் வகுத்த கோலன் வகைப்பாடு 1933-இலும் வெளிவந்தன. அந்த ஐந்து விதிகளில் கடைசி விதி வளர்ச்சியைப் பற்றியது என்பதை இங்கே நினைவூட்டுகிறேன். புத்தகங்கள் பெருகும், வாசகர்கள் பெருகுவார்கள், ஊழியர்களும் பெருக வேண்டும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக் கட்டிடத்தையும் அலமாரியையும் பட்டியலையும் அமைக்க வேண்டும் என்று சொன்னவருக்கு, இன்றைக்கு எவ்வளவு இடம் போதும் என்று கேட்பவர்களோடு வாழ்நாள் முழுவதும் வாதாட நேர்ந்தது.

சென்னையில் இருபது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற அவரை, ராதாகிருஷ்ணன் காசி இந்து சர்வகலாசாலைக்கு அழைத்துக்கொண்டார். அங்கே குவிந்து கிடந்த ஏறத்தாழ ஒரு லட்சம் புத்தகங்களைத் துணைக்கு ஆளின்றித் தாம் ஒருவராகவே பதினெட்டு மாதங்களில் வகைப்படுத்திப் பட்டியல் செய்தார். ஐம்பத்து மூன்று, ஐம்பத்து நான்கு வயதில் ஒருவர் செய்த வேலை அது. காசியில் அவர் எடுத்த சிரமத்தை எண்ணும்போது எனக்கு வியப்பைக் காட்டிலும் வருத்தமே மிகுதியாகத் தோன்றுகிறது. ஒரு பெரிய சர்வகலாசாலை அத்தனை நூல்களை வாங்கி வைத்திருந்தும், அவற்றை ஒழுங்குபடுத்தும் கைகளுக்குச் சம்பளம் கொடுக்க வழி செய்யவில்லை. அந்த அனுபவத்தோடுதான் அவர் 1947-இல் தில்லிக்கு வந்தார்.

அவர் வந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பரில் நகரமெங்கும் கலவரம் மூண்டபோது, கரோல் பாகில் இருந்த ஜாமியா மில்லியாவின் புத்தக வெளியீட்டகமான மக்தபா தீக்கிரையாயிற்று. தரியாகஞ்சில் இருந்த அஞ்சுமன் தரக்கி-இ-உருது சங்கத்தின் புத்தகங்களும் காகிதங்களும் சூறைபோயின. அதன் செயலாளர், 1857-இல் தில்லி கல்லூரி நூல்நிலையம் அழிந்த விதத்தை எழுதிவைத்த அதே அப்துல் ஹக். தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததை ஏட்டில் எழுதியவர், அதைத் தம் வீட்டிலேயே கண்டுவிட்டுக் கராச்சிக்குப் போய்ச் சேர்ந்தார். மறுபக்கம், 1915-இல் டிக்கின்ஸன் என்ற அமெரிக்கர் நூல்நிலையப் பயிற்சி வகுப்பைத் தொடங்கிய பெருமையுடைய லாகூர்ச் சர்வகலாசாலை நூல்நிலையம் எல்லைக்கு அப்பால் நின்றுவிட்டது. அங்கே படித்தவர்களும் படிப்பித்தவர்களும் வெறுங்கையோடு தில்லிக்கு வந்து, அகதி மாணவர்களுக்காக ஏற்பட்ட முகாம் கல்லூரியில் மாலை வேளைகளில் கூடினார்கள். புத்தகம் எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதை அந்த ஒரு பருவத்தில் தில்லி கண்ணால் கண்டது.

அத்தகைய நகரத்தில் ரங்கநாதன் செய்த காரியம் வெளிப்பார்வைக்குச் சிறியது. அவர் மாளிகை எழுப்பவில்லை. சீட்டுகளை ஒழுங்குபடுத்தினார், மாணவர்களைப் பழக்கினார். அவர் வகுத்த ஏற்பாடுகளில் ஒன்றைச் சற்று அருகிலிருந்து பார்த்தால், பாதுகாப்பு என்பது அவர் எண்ணத்தில் எங்கே தொடங்கிற்று என்பது விளங்கும்.

சர்வகலாசாலை நூல்நிலையத்துக்கு உயிர்நாடி ஆராய்ச்சிச் சஞ்சிகைகள். புத்தகம் ஒரே முறை வந்து சேரும். சஞ்சிகையோ மாதந்தோறும், காலாண்டுதோறும், கடல் கடந்து தபாலில் வந்துகொண்டேயிருக்கும். பன்னிரண்டு இதழ்களில் ஒன்று வராவிட்டால் அந்த ஆண்டின் தொகுதி முழுவதும் ஊனமாகிவிடும். வெளியிடுவோர் அளவாகவே அச்சிடுவதால், ஆறு மாதம் கழித்து விழித்துக்கொண்டு கேட்டால் பிரதி கிடைக்காது. இதற்கு அவர் கண்ட வழி ஒவ்வொரு சஞ்சிகைக்கும் மூன்று சீட்டுகள். முதல் சீட்டில், சந்தா எப்போது செலுத்தப்பட்டது, எந்த இதழ் எந்தத் தேதியில் கிடைத்தது என்ற பதிவு. மூன்றாவது சீட்டு, எந்தப் பொருளில் என்னென்ன சஞ்சிகைகள் நம்மிடம் உள்ளன என்பதைப் பொருள்வாரியாகக் காட்டுவது. இடையிலுள்ள சோதனைச் சீட்டில்தான் சூட்சுமம் இருக்கிறது. அடுத்த இதழ் எந்த வாரத்தில் வந்து சேர வேண்டுமோ, அந்த வாரத்தின் பெயர் எழுதிய தடுப்பு அட்டைக்குப் பின்னால் அச்சீட்டு நிற்கும். இதழ் வந்ததும் ஊழியர் தேதியைக் குறித்துவிட்டு, சீட்டை அதற்கடுத்த இதழின் வாரத்துக்கு நகர்த்திவிடுவார். வாரக் கடைசியில் அந்தத் தடுப்பு அட்டைக்குப் பின்னால் எந்தச் சீட்டுகள் நகராமல் நிற்கின்றனவோ, அவையே வராத இதழ்கள். அன்றே நினைவூட்டுக் கடிதம் போகும். யாருடைய ஞாபகசக்தியையும் இது நம்பியிருக்கவில்லை. நேற்று வேலைக்கு வந்தவர்கூடப் பெட்டியைத் திறந்ததும் எது குறைகிறது என்று சொல்லிவிடலாம். ஆங்கில நாட்டிலோ அமெரிக்காவிலோ வெளியாகும் ஒரு பத்திரிகையின் வரிசை தில்லி நூல்நிலையத்தில் இடைமுறியாமல் இருந்தது என்றால், அதற்குப் பின்னால் வாரந்தோறும் இப்படி ஒரு கை நகர்ந்துகொண்டிருந்தது.

தில்லியில் அவர் தாமே நூலகராக இருக்கவில்லை. தாஸ் குப்தா நூல்நிலையத்தை நடத்த, ரங்கநாதன் அதற்கு ஆட்களை உருவாக்கினார். நூல்நிலைய விஞ்ஞானத்துக்குத் தனித்துறை அமைந்து, டிப்ளமோ வகுப்பும், மேற்பட்டமும், பின்னர் டாக்டர் பட்ட ஆராய்ச்சியும் ஏற்பட்டன. அத்துறையில் இந்தியாவின் முதல் டாக்டர் பட்டத்தைத் தில்லி சர்வகலாசாலை 1957-இல் அளித்தது. தெற்கு ஆசிய நூல்நிலையங்களில் எந்தச் சஞ்சிகை எங்கே இருக்கிறது என்று காட்டும் கூட்டுப் பட்டியல் ஒன்றை அவர் 1953-இல் வெளியிடச் செய்தார். ஒருவரிடம் இல்லாததை மற்றவரிடம் பெறலாம் என்ற எண்ணம் அதில் அடங்கியிருந்தது. 1951 அக்டோபரில் யுனெஸ்கோவின் உதவியோடு நேரு திறந்துவைத்த தில்லிப் பொது நூல்நிலையமும், 1952-இல் தில்லியில் ஏற்பட்ட விஞ்ஞானச் செய்தி நிலையமான இன்ஸ்டாக்கும் அந்தச் சூழ்நிலையில் பிறந்தவையே. சர்வகலாசாலை அவருக்கு 1948-இல் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கிற்று.

இனிப் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49-இல் கூடிய சர்வகலாசாலைக் கல்விக் கமிஷன், ஒரு சர்வகலாசாலை தன் வரவுசெலவுத் திட்டத்தில் நூற்றுக்கு ஆறேகால் பங்கு, அல்லது மாணவர் ஒருவருக்கு 40 ரூபாய், நூல்நிலையத்துக்கு ஒதுக்க வேண்டும் என்று கூறிற்று. 1957-இல் சர்வகலாசாலை மானியக் குழு ரங்கநாதன் தலைமையில் ஒரு நூல்நிலையக் கமிட்டியை அமைத்தது. அக்கமிட்டி மாணவர் ஒருவருக்கு 15 ரூபாயும், ஆசிரியருக்கும் ஆராய்ச்சியாளருக்கும் தலைக்கு 200 ரூபாயும் ஆண்டுதோறும் புத்தகங்களுக்கென்று வேண்டும் என்றது. நூலகர்களின் சம்பளம் ஆசிரியர் சம்பளத்துக்கு ஈடாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. கோத்தாரி கமிஷன் 1966-இல் அத்தொகைகளை 25, 300 என்று உயர்த்திற்று. இந்த எண்களில் எனக்கு முக்கியமாகப் படுவது தொகை அன்று. அதைக் கணக்கிட்ட முறை. புத்தகப் பணம் துணைவேந்தரின் மனநிலையையும் ஆண்டிறுதியில் மிஞ்சும் சில்லறையையும் பொறுத்திராமல், மாணவர் தொகை ஏறும்போது தானும் ஏறும் ஓர் உரிமையாக அன்றுதான் முதன்முதலில் எழுத்தில் ஏறிற்று. நம் நாட்டுச் சர்வகலாசாலைகளில் பெரும்பாலானவை அந்த ஆறேகால் பங்கை எட்டவேயில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன்.

தனியார் கொடையின் நல்ல உதாரணமும் தில்லியில் உண்டு. காஞ்சிபுரத்தில் பிறந்த வி. கே. ஆர். வி. ராவ் 1949-இல் தில்லிப் பொருளாதாரப் பள்ளியை நிறுவினார். ஸர் ரத்தன் டாட்டா அறநிதியின் உதவியால் அதன் நூல்நிலையம் ரத்தன் டாட்டா நூல்நிலையம் என்று பெயர் பெற்றது. குடிமதிப்பு அறிக்கைகள், வரவுசெலவுத் திட்டங்கள், கமிஷன் அறிக்கைகள் முதலிய, கடையில் விலைக்குக் கிடைக்காத அரசாங்க வெளியீடுகளை விடாமல் சேர்த்ததால், இந்தியப் பொருளாதாரத்தை ஆராய்வோர் எல்லோருக்கும் அது ஒரு புண்ணிய தலமாயிற்று. கொடை அங்கே பலித்ததற்குக் காரணம், கொடுத்ததைப் பெற்று வளர்க்க ஓர் ஆசிரியர் குழாமும் ஒரு திட்டமும் முன்கூட்டியே இருந்ததுதான்.

வேறொரு வழியிலும் புத்தகங்கள் வந்தன. அது கோதுமை வழி. உணவுப் பஞ்சம் நெருங்கிய 1951-இல் அமெரிக்கா இந்தியாவுக்குக் கோதுமை வாங்க 19 கோடி டாலர் கடன் கொடுத்தது. அக்கடனுக்கு இந்தியா செலுத்தும் வட்டியில் 50 லட்சம் டாலர்வரை கல்விப் பரிமாற்றத்துக்கே செலவிடப்பட வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஏற்பாடு. அதன்படி அமெரிக்க நூல்களும் ஆய்வுக்கூடக் கருவிகளும் இந்தியச் சர்வகலாசாலைகளுக்கு வந்தன. இந்திய நூலகர்கள் சிலர் அந்நாட்டு நூல்நிலையங்களைப் பார்த்துவர வாய்ப்புப் பெற்றார்கள். 1954-இல் வந்த பி.எல். 480 என்ற சட்டமோ எதிர்த்திசையில் ஓர் ஆற்றைத் திறந்துவிட்டது. அச்சட்டப்படி வந்த தானியத்துக்கு இந்தியா ரூபாயிலேயே விலை கொடுத்தது. இங்கே குவிந்த அந்த ரூபாயில் ஒரு பகுதியைக் கொண்டு இந்தியப் புத்தகங்களை வாங்கலாம் என்று 1958-இல் திருத்தம் செய்தார்கள். அமெரிக்கக் காங்கிரஸ் நூல்நிலையம் 1962-இல் தில்லியில் ஓர் அலுவலகத்தைத் திறந்தது. அன்றுமுதல் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வெளியாகும் நாவல்கள், கவிதைகள், சிறு பத்திரிகைகள், ஆண்டுமலர்கள் பல பிரதிகளாக வாங்கப்பட்டு, தில்லியில் பட்டியலிடப்பட்டு, சிக்காகோ முதலிய சர்வகலாசாலைகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

இந்தச் செய்தியைத் தமிழ் வாசகர்கள் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன். மதுரையிலோ காரைக்குடியிலோ ஐந்நூறு பிரதி அச்சாகி, எழுதியவர் வீட்டிலேயே இன்று காணக்கிடைக்காத ஒரு தமிழ்ப் புத்தகம், கோதுமைப் பணத்தில் வாங்கப்பட்டுக் கடல் கடந்து பனிநாட்டு அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. செங்கோட்டை நூல்களுக்கு நேர்ந்ததைப்போல இது கொள்ளை அன்று. நியாயமான விலை கொடுத்து, ஆசிரியருக்கும் பதிப்பாளருக்கும் ஆதாயம் தந்து வாங்கிய வியாபாரம். அந்த அலுவலகத்திலிருந்தவர்கள் காட்டிய சிரத்தை போற்றத்தக்கது. அதே தில்லியில், அதே புத்தகங்களை அதே விலைக்கு வாங்கக்கூடிய நம் சர்வகலாசாலைகள் எல்லா மொழி நூல்களையும் ஒழுங்காகத் திரட்டும் திட்டம் ஒன்றை அப்போது வகுத்திருந்தால், சிக்காகோவில் உள்ள தொகுதிக்கு நிகரானது தில்லி சர்வகலாசாலையின் வடக்கு வளாகத்திலும் இருந்திருக்கும். பணமில்லாமையைவிட முறையில்லாமையே அங்கே குறை.

சேர்த்ததைக் காப்பாற்றுவதோ இன்னொரு போராட்டம். தில்லியின் பருவங்கள் புத்தகத்துக்கு ஜன்ம விரோதிகள். சித்திரை, வைகாசியில் ‘லூ’ என்னும் அனல்காற்று தாளிலுள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிடும். ‘ஆந்தி’ என்னும் புழுதிப்புயல் சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாகவும் புகுந்து, அலமாரியின் மேல்தட்டில் மைபோல் நுண்ணிய மண்ணைப் படியவைக்கும். ஆடி, ஆவணியில் மழை பிடித்துக்கொண்டதும் உலர்ந்த தாள் ஈரத்தைக் குடித்து விரிந்து, முதுகுத் தையல் தளர்ந்து, பூஞ்சணம் பூக்கும். வெள்ளிப்பூச்சியும் கரையானும் அட்டையிலுள்ள பசைக்காகவே காத்திருக்கும். இவற்றோடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழால் செய்யப்பட்ட தாள் தன்னுள்ளேயே அமிலத்தை வைத்திருப்பதால், யாரும் தொடாவிட்டாலும் அது பழுத்து, மடித்த இடத்தில் அப்பளம்போல் ஒடிந்துவிடுகிறது. நம் ஊரில் பனையோலைக்கு மஞ்சளும் கரியும் தடவி, வசம்பும் வேப்பிலையும் வைத்துக் காத்த பாட்டன்மாரின் வைத்தியம் இந்த நோய்க்குப் போதாது.

தில்லியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இதற்கு ஒரு வைத்தியம் கண்டார்கள். வெளிநாடுகளில் ஜீர்ணமான தாளுக்கு மெல்லிய செல்லுலோஸ் அஸிடேட் படலத்தைப் பெரிய யந்திரத்தில் சூடாக்கி அழுத்தி ஒட்டிவந்தார்கள். யந்திரத்தின் விலையோ நம் நிலைக்கு எட்டாதது. இங்குள்ளவர்கள் 1950-களில், தாளின் இருபுறமும் படலத்தையும் அதன்மேல் ஒரு மெல்லிய திசுத்தாளையும் வைத்து, அஸிடோனில் தோய்த்த பஞ்சால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் துடைத்தால் படலம் இளகித் தாளோடு ஒன்றிவிடும் என்று கண்டு, கைத்தொழிலாகவே அதைச் செய்தார்கள். மின்சாரமும் யந்திரமும் வேண்டாத அந்த முறை உலகின் பல காப்பகங்களுக்குப் பயன்பட்டது. பிற்காலத்தில் அஸிடேட்டும் நாளடைவில் கெடும் என்று தெரிந்து, வேண்டும்போது பிரித்தெடுக்கக்கூடிய மாவுப்பசையையும் மெல்லிய ஜப்பானியத் தாளையும் வல்லுநர்கள் விரும்பலானார்கள். ஆயினும், உள்ள வசதியைக்கொண்டு உள்ள நோயைத் தீர்க்க முற்பட்ட அந்த மனப்பான்மை நம் நூல்நிலையங்களில் பரவியிருந்தால் எத்தனையோ நூல்கள் பிழைத்திருக்கும். நடந்தது வேறு. புத்தகம் வாங்கும் தொகையைக் குறைக்க நேரும்போது முதலில் வெட்டப்படுவது பைண்டிங் செலவு. சஞ்சிகை இதழ்கள் நூலால் கட்டப்பட்டுத் தரையில் அடுக்கப்படுகின்றன. பிறகு எந்த இதழ் இருக்கிறது, எது போயிற்று என்று ஒருவருக்கும் தெரிவதில்லை.

காப்பாற்றுவது என்றால் பூட்டி வைப்பது என்ற எண்ணமும் நம்மிடம் வேரூன்றியது. புத்தகம் ஒன்று காணாமற்போனால் நூலகர் தம் கையிலிருந்து விலை கட்டவேண்டும் என்ற அச்சம் இருக்கும்வரை, அவர் வாசகனைச் சந்தேகத்தோடுதான் பார்ப்பார். அலமாரிகளைத் திறந்துவிட வேண்டும், வாசகன் தன் கையாலேயே நூலை எடுத்துப் புரட்ட வேண்டும் என்று ரங்கநாதன் சென்னையிலும் தில்லியிலும் விடாமல் வற்புறுத்தினார். இன்று மத்திய அரசின் பொது நிதி விதிகள், வழங்கப்பட்டும் படிக்கப்பட்டும் வரும் ஆயிரம் நூல்களுக்கு ஆண்டில் ஐந்து நூல்கள் இழப்பாகப் போவது, அலட்சியமோ நேர்மைக்குறைவோ காரணமாக இல்லாதவரையில், நியாயமானதே என்று ஒப்புக்கொள்கின்றன. 50,000-க்கு மேல் நூல்களுள்ள இடத்தில் முழுக் கணக்கெடுப்பு வேண்டாம், மூன்றாண்டுக்கொருமுறை மாதிரிச் சோதனை போதும் என்றும் சொல்கின்றன. இந்த விதி இருப்பதை அறியாமல் இன்னும் கண்ணாடி அலமாரிக்குப் பூட்டுப்போடும் கல்லூரிகள் உண்டு.

இந்நாளில் சஞ்சிகைகள் காகிதமாக வருவதே அருகிவிட்டது. ஒரே தேசம், ஒரே சந்தா என்ற திட்டத்தை மத்திய அமைச்சரவை 2024 நவம்பரில் ஏற்று, 2025 முதல் 2027 முடிய மூன்றாண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 வெளியீட்டாளர்களின் ஏறத்தாழ 13,000 மின்சஞ்சிகைகளை அரசாங்க உயர்கல்வி நிலையங்கள் எல்லாவற்றுக்கும் கிடைக்கச் செய்திருக்கிறது. சிற்றூர்க் கல்லூரி மாணவனும் தில்லி மாணவன் படிப்பதையே படிக்கலாம் என்பது பெரிய லாபம். அதை மனமார வரவேற்கிறேன். அதே சமயம் சந்தாவால் கிடைப்பது படிக்கும் அனுமதி. அலமாரியில் நிற்கும் உடைமை வேறு. சந்தா நின்றபிறகும் பழைய இதழ்களைப் படிக்கும் உரிமை நமக்கு நிலைக்குமா என்பதை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் கேட்டு எழுதி வாங்க வேண்டியது நூலகர்களின் கடமை. இந்திய மொழிகளிலுள்ள நூல்களையும் பழைய சஞ்சிகைகளையும் இத்திட்டம் காப்பாற்றாது. அவற்றுக்கு இன்னும் அலமாரியும் பைண்டரும் தூசி துடைக்கும் ஊழியரும் வேண்டும்.

தம் வாழ்நாள் சேமிப்பிலிருந்து ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைச் சர்வகலாசாலைக்குக் கொடுத்து, மனைவி சாரதாவின் பெயரால் நூல்நிலைய விஞ்ஞானப் பேராசிரியர் பதவி ஒன்றை ரங்கநாதன் ஏற்படுத்தினார். புத்தகங்களாக வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவற்றைப் பேணத் தெரிந்த மனிதர்களை உண்டாக்கும் பதவிக்கே அவர் கொடுத்தார். தில்லியில் படித்து உத்தியோகம் பார்த்து ஓய்வுபெற்ற தமிழர்கள் ஏராளமானவர்கள் இருக்கிறார்கள்; தந்தையார் சேர்த்த நூல்களைச் சர்வகலாசாலைக்கு அளிக்க விரும்புவோரும் அவர்களுள் உண்டு. அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். மூட்டையைக் கட்டி அனுப்புவதற்குமுன் பட்டியலை அனுப்புங்கள். நூலகர் தம்மிடம் இல்லாதவற்றை மட்டும் தேர்ந்தெடுக்கட்டும், மற்றதை மறுக்கட்டும், அதற்காக மனம் வருந்த வேண்டாம். கொடுக்கும் நூல்களோடு அவற்றைக் கட்டவும் பட்டியல் செய்யவும் ஆகும் செலவையும் சேர்த்துக் கொடுங்கள். நூல் இல்லாதவர்கள், பைண்டிங் செலவுக்கென்று மட்டும் ஒரு தொகையை ஆண்டுதோறும் அனுப்பினாலும் போதும்.